இனம் என்னும் சொல்லும் வரையாடு சொல்லும் பாடமும்



தமிழில் 'இனம்' என்றொரு சொல் உண்டு. நம் பள்ளிகளில் இந்த ஒரு சொல் எத்தனை வேலைகளைச் செய்கின்றது என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கின்றோமா? இலக்கண வேளையில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று கற்பிக்கின்றோம். அறிவியல் வேளையில் விலங்கினம், பறவையினம், அழிந்துவரும் இனம் என்கின்றோம். தேசிய தினக் கொண்டாட்டத்தில் மூவினமும் ஒற்றுமையாக வாழ்வதைப் போற்றிப் பேசுகின்றோம். மாணவர் பதிவுப் பாரத்திலும் 'இனம்' என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அதில் 'இந்தியர்' என எழுதி நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடுகின்றோம்.

பெரியவர்களாகிய நமக்கு இதில் குழப்பம் இல்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்கின்றோம். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. விலங்குகளை வகைப்படுத்தும் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், புலி ஓர் இனம், யானை ஓர் இனம். மலாய்க்காரர் ஓர் இனம், சீனர் ஓர் இனம், நாம் ஓர் இனம். அப்படியென்றால் நாமும் அவர்களும் புலியும் யானையும் மாதிரியா?"

வகுப்பு சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். நாம் கற்றுக்கொடுத்த சொல்லை வைத்துத்தான் அவன் அந்த முடிவுக்கு வந்திருந்தான்.

இந்தக் கேள்வி எங்கு வேண்டுமானாலும் எழலாம். ஆனால், கம்போங் மேடானில் எழும்போது அதன் கனம் வேறு. பழைய கிள்ளான் சாலைக்கு அருகே, பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் உள்ள இந்த வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் எல்லாச் சமூகத்தாரும் நெருங்கி வாழ்கின்றனர். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கும் அருகிலிருந்த குடியிருப்புகளிலும் மூண்ட கலவரத்தில் 6 பேர் உயிரிழந்தனர். பலர் காயமடைந்தனர். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர். அந்த நாள்களின் கதைகள் இன்னும் வீடுகளில் சொல்லப்படுகின்றன. சொல்லும்போது, "அவனுங்க இனமே அப்படித்தான்" என்ற சொற்களும் சேர்ந்தே பிள்ளைகளின் காதில் விழுகின்றன. வீட்டில் கேட்ட அந்த 'இனம்' மறுநாள் அறிவியல் பாடத்தில் வரும் 'இன'த்தோடு பொருந்திக்கொண்டால், வெறுப்புக்கு நாமே அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் ஆகின்றோம்.

எனவே, இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே. உயிர்களுக்கிடையே உள்ள உறவை அளப்பதற்கு அறிவியலிடம் நம்பத்தகுந்த அளவுகோல் இருக்கின்றது. அந்த அளவுகோலைப் பற்றி எளிய முறையில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சொன்னால் இரண்டு 'இன'ங்களும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கே விளங்கும். அதைவிட முக்கியமாக, தமிழ்ப்பள்ளி ஏன் வேண்டும் என்பதும் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

தோற்றத்தை நம்பி ஏமாந்த கதை

தொடக்கப்பள்ளி அறிவியலில் விலங்குகளை எப்படி வகைப்படுத்தக் கற்றுக்கொடுக்கின்றோம்? உடலைப் போர்த்தியிருப்பது உரோமமா செதிலா, குட்டி போடுமா முட்டையிடுமா, கால்கள் எத்தனை, எதை உண்ணும் என்று பார்க்கின்றோம். இது நல்ல தொடக்கம்தான். கண்ணால் கண்டு, கூர்ந்து நோக்கிப் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால், தோற்றத்தில் ஒத்தவை உறவிலும் ஒத்தவை என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்தே பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகின்றது. இந்த எண்ணம் அறிஞர்களையே ஏமாற்றியிருக்கின்றது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. வரை என்றால் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழும் இவ்விலங்கைச் சங்கப் புலவர்களும் பாடியிருக்கின்றனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தவிர உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. இதே போன்ற உடலமைப்பும் பின்னோக்கி வளைந்த கொம்பும் கொண்ட விலங்குகள் இரண்டு உள்ளன. ஒன்று இமயமலையிலும் மற்றொன்று அரேபியாவின் ஓமான் மலைகளிலும் வாழ்கின்றன. மூன்றும் பாறையில் ஏறுகின்றன. மூன்றின் கொம்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே விலங்கியலார் மூன்றையும் உடன்பிறப்புகளாகக் கருதி ஒரே பேரினத்தில் நெடுங்காலம் வைத்திருந்தனர்.

2005ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஆன் ரோப்பிக்கே, அலெக்சாண்டர் அசானின் ஆகிய இரு ஆய்வாளர்கள் இம்மூன்றின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டனர். மூன்றும் உடன்பிறப்புகள் அல்ல என்று தெரிந்தது. இமயமலை விலங்கு வெள்ளாட்டுக் கூட்டத்துக்கு நெருக்கமானது. அரேபிய விலங்கு வட ஆப்பிரிக்காவின் காட்டுச் செம்மறி ஒன்றுக்கு நெருக்கமானது. நம் வரையாடோ செம்மறியாட்டுக் கூட்டத்துக்கு உறவாக நின்றது! மூன்றையும் ஒன்றுபோலக் காட்டியது பிறப்பன்று, வாழிடம். ஒரே மாதிரியான பாறை, ஒரே மாதிரியான வாழ்க்கை ஆகியவை வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சீருடையை அணிவித்துவிட்டன. இம்முடிவுக்குப் பிறகு மூன்றுக்கும் மூன்று பேரினப் பெயர்கள் வழங்கப்பட்டன. வரையாடு தன் பேரினத்தில் தனித்து நிற்கின்றது. அஃது அழிந்தால் ஒரு பேரினமே அழிந்துவிடும். 2022இல் தமிழ்நாட்டு அரசு வரையாட்டைக் காக்கத் தனித் திட்டமொன்றை அறிவித்ததன் அருமை இதனால் விளங்கும்.

இதில் தமிழாசிரியர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. வெள்ளாடு, செம்மறியாடு இரண்டையுமே நம் மொழி 'ஆடு' என்றுதான் சொல்கின்றது. ஆகவே, அறிவியற்பெயர் மாறியபோதும் 'வரையாடு' என்னும் நம் பெயரை மாற்றவேண்டிய தேவை ஏற்படவில்லை.

இன எழுத்துகளைக் கொண்டு ஒரு விளக்கம்

வரையாட்டின் டி.என்.ஏ.வை ஆய்வாளர்கள் எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிட்டனர். அவ்வாறு விரைவாகப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே, படிக்காமலேயே இரண்டு உயிர்களின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் முறை ஒன்று இருந்தது. அதனை டி.என்.ஏ. கலப்பிணைப்பு எனலாம். இது குதிரையையும் கழுதையையும் சேர்த்துக் கோவேறு கழுதையைப் பெறும் கலப்பன்று. உயிர்கள் கலப்பதில்லை. ஆய்வுக்கூடக் குழாயில் இழைகள் மட்டுமே கலக்கின்றன.

இம்முறையை விளக்க நம் இலக்கணமே துணைக்கு வருகின்றது. ங் என்னும் மெல்லெழுத்துக்கு க் இன எழுத்து. ஞ் என்பதற்குச் ச், ண் என்பதற்கு ட், ந் என்பதற்குத் த், ம் என்பதற்குப் ப், ன் என்பதற்கு ற். சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, கம்பு, கன்று என்று சொல்லிப் பார்த்தாலே இணை தெரிந்துவிடும். டி.என்.ஏ.விலும் இதுபோன்ற இணைகள் உள்ளன. அங்கே எழுத்துகள் நான்கே: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்குத் தைமின் இணை. குவானினுக்குச் சைட்டோசின் இணை. நம் இன எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும். டி.என்.ஏ.வின் இணை எழுத்துகளோ எதிரெதிர் இழைகளில் நின்று கைகோத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான எழுத்துகள் இவ்வாறு கைகோப்பதால்தான் இரண்டு இழைகளும் முறுக்கிக்கொண்டு ஒன்றாக நிற்கின்றன.

சூடேற்றினால் கைகள் விடுபட்டு இழைகள் பிரியும். மெல்லக் குளிரவிட்டால் மீண்டும் தத்தம் இணையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிரிந்தவை மீண்டும் சேரும் என்பதை 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சூலியஸ் மர்மர், பால் டோட்டி ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. அடுத்த சில ஆண்டுகளில் வாசிங்டனிலுள்ள கார்னகி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனை உறவை அளக்கும் கருவியாக்கினர்.

அவர்கள் எண்ணியது இதுதான். ஓர் உயிரின் ஒற்றை இழையையும் வேறோர் உயிரின் ஒற்றை இழையையும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் நெருங்கிய உறவாக இருந்தால் பெரும்பாலான இடங்களில் இணை எழுத்து எதிரே நிற்கும், பிடி இறுகும். தொலைவான உறவாக இருந்தால் பல இடங்களில் இணை இராது, பிடி தளரும். பிடி எவ்வளவு இறுக்கமானது என்று அறிய, சேர்ந்த இழைகளை மறுபடியும் படிப்படியாகச் சூடேற்றவேண்டும். தளர்ந்த பிடி குறைந்த சூட்டிலேயே விட்டுப்போகும். இறுகிய பிடி அதிகச் சூட்டைத் தாங்கும். ஒரே உயிரின் இழைகள் பிரியும் வெப்பநிலைக்கும் கலப்பு இழைகள் பிரியும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடே இரண்டு உயிர்களுக்கும் இடையிலான தொலைவு. 1 பாகை செல்சியஸ் குறைந்தால், ஏறத்தாழ நூற்றுக்கு ஓர் எழுத்து பொருந்தவில்லை என்று பொருள்.

எவ்வளவு எளிய கருத்து பாருங்கள்! ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல், வெப்பமானியைக் கொண்டே உறவை அளந்துவிட்டார்கள்.

பாகைக் கணக்கு சொன்னவை

யேல் பல்கலைக்கழகத்தின் சார்லசு சிப்லி, சோன் ஆல்குயிசுட்டு என்னும் இருவர் இம்முறையைக் கொண்டு ஏறத்தாழ 1,700 பறவை வகைகளை ஒப்பிட்டனர். ஆசுத்திரேலியாவில் ஐரோப்பியப் பறவைகளைப் போலவே தோன்றும் சிறு பாடும் பறவைகள் பல உள்ளன. குடியேறிய ஐரோப்பியர்கள் அவற்றுக்குத் தங்கள் ஊர்ப் பறவைகளின் பெயர்களையே சூட்டிவிட்டனர். கலப்பிணைப்பு ஆய்வோ, அவை ஐரோப்பியப் பறவைகளுக்கு நெருங்கிய உறவல்ல, தமக்குள்தான் உறவு என்று காட்டியது. மீண்டும் வரையாட்டின் கதைதான்.

பிறகு அவ்விருவரும் மனிதனையும் மனிதக் குரங்குகளையும் எடுத்துக்கொண்டனர். 1984இலும் 1987இலும் வெளிவந்த அந்த முடிவுகள் பலரைத் திடுக்கிடச் செய்தன. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 1.6 பாகை. மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் 2.3 பாகை. மனிதனுக்கும் நம் நாட்டு ஒராங் ஊத்தானுக்கும் 3.6 பாகை. கிப்பன் குரங்குகளுக்கு 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. உரோமம் மூடிய உடலைப் பார்த்தால் சிம்பன்சிக்குக் கொரில்லாதான் மிக நெருங்கிய உறவு என்று தோன்றும். கணக்கோ, சிம்பன்சிக்கு மிக நெருங்கிய உறவு மனிதன் என்றது!

மலாய்மொழியில் ஒராங் ஊத்தான் என்றால் காட்டு மனிதன் என்று பொருள். சபா, சரவாக் காடுகளில் வாழும் இவ்விலங்கை உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்குக் காட்சி சாலையில் நம் மாணவர்கள் கண்டிருப்பார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர்களிடம் வெப்பமானியும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. எனினும் உறவை உணர்ந்திருக்கின்றார்கள்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்வதே நேர்மை. கலப்பிணைப்பு தருவது மொத்தத்தின் சராசரி மட்டுமே. எந்த எழுத்து எங்கே மாறியது என்று அது சொல்லாது. சிப்லியும் ஆல்குயிசுட்டும் தங்கள் அளவீடுகள் சிலவற்றைத் திருத்திவிட்டு, அதனைத் தெளிவாக வெளிப்படுத்தவில்லை என்ற கண்டனம் 1988ஆம் ஆண்டளவில் எழுந்தது. அமெரிக்கக் கண்டத்துக் கழுகுகள் நாரைகளின் உறவினம் என்று அவர்கள் சொன்ன முடிவும் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால், மனிதன், சிம்பன்சி, கொரில்லா பற்றிய முடிவை 1989இல் வேறோர் ஆய்வுக்குழு தனியாகச் செய்து பார்த்தபோது அதே விடைதான் கிடைத்தது. 2005இல் சிம்பன்சியின் டி.என்.ஏ. முழுமையும் படிக்கப்பட்டபோது, நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய இடங்களில் நூற்றுக்கு 1.2 எழுத்துகளே மாறியிருந்தன. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமற்போன பகுதிகளையும் சேர்த்தால் வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடு ஆகின்றது. 2011இல் வெளிவந்த ஒராங் ஊத்தானின் கணக்கும் ஏறத்தாழ 97 விழுக்காட்டு ஒற்றுமையைக் காட்டியது. வெப்பமானி சொன்னது பெரிய அளவில் பொய்க்கவில்லை.

இன்று விலங்குகளுக்கு யாரும் கலப்பிணைப்பு முறையைப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. நேராகவே எழுத்துகளைப் படித்துவிடுகின்றார்கள். நுண்ணுயிரியலில் மட்டும் இரண்டு பாக்டீரியாக்கள் ஒரே சிற்றினமா என்று முடிவு செய்ய 1987இல் வகுத்த 70 விழுக்காடு என்னும் கலப்பிணைப்பு எல்லையைக் கணினிக் கணக்காக மாற்றி இன்றும் கையாள்கின்றனர்.

மூவினத்தின் கணக்கு

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். நாமும் மலாய்க்காரரும் சீனரும் இந்த அளவுகோலில் எங்கே நிற்கின்றோம்?

உலகின் எந்த இரண்டு மனிதர்களை எடுத்துக்கொண்டாலும் அவர்களின் டி.என்.ஏ. எழுத்துகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றுதான் மாறியிருக்கும். அதாவது 0.1 விழுக்காடு. பாகைக் கணக்கில் சொன்னால் 0.1 பாகை. கலப்பிணைப்பு முறையில் ஒரே ஆய்வைத் திரும்பச் செய்தாலே அதைவிட அதிகமாக அளவு ஏறி இறங்கும். வரையாட்டையும் இமயமலை விலங்கையும் பிரித்துக் காட்டக்கூடிய அளவுகோல், கம்போங் மேடானில் ஒரே மாடியில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களைப் பிரிக்க முடியாமல் தோற்றுப்போகும்.

அந்த 0.1 விழுக்காடும் நாம் நினைப்பதுபோல் இனவாரியாகப் பிரிந்து கிடக்கவில்லை. 1972இல் ரிச்சர்டு லெவொண்டின் என்னும் மரபியலார், மனிதர்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்வந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. தமிழருக்கும் சீனருக்கும் இடையே உள்ளதைவிடத் தமிழருக்கும் தமிழருக்கும் இடையிலேயே மிகுதியான வேறுபாடு இருக்கின்றது என்பதே இதன் பொருள்.

சிலர் கேட்கலாம்: "உமிழ்நீரை அனுப்பினால் நம் முன்னோர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடுகின்றார்களே? வேறுபாடு இல்லாமலா சொல்கின்றார்கள்?" நல்ல கேள்வி. வேறுபாடு இருக்கின்றது, மிகச் சிறியதாக இருக்கின்றது. பல்லாயிரம் இடங்களில் காணப்படும் நுண்ணிய மாற்றங்களைக் கூட்டிப் பார்த்து, இன்ன வட்டாரத்தில் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று கணிக்கின்றார்கள். முன்னோர் நடந்து வந்த வழியை அது சொல்லும். ஒருவர் முரடரா, சோம்பேறியா, நம்பத்தகுந்தவரா என்பதை ஒருநாளும் சொல்லாது. "அவனுங்க இனமே அப்படித்தான்" என்பதற்கு அங்கே எந்த எழுத்தும் இல்லை.

அப்படியானால் தமிழ்?

இவ்விடத்தில் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகின்றது. "இனமே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், தமிழினம் என்ற உணர்வு என்ன ஆகும்? அதற்காகத்தானே தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகின்றோம்?" என்று அவர்கள் கேட்கக்கூடும். இந்த அச்சம் நியாயமானது. சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்த உணர்வு ஒரு பிடிமானம்.

ஆனால், சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ் நம் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருந்தால் தமிழ்ப்பள்ளி எதற்கு? 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்பு எதற்குத் தொடங்கப்பட்டது? நம் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் அரைவயிறு உண்டு, கொட்டகை போட்டாவது பள்ளிக்கூடம் நடத்தியது எதற்கு? இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் காத்து வருவது எதற்கு? ஆட்டுக்குட்டிக்குப் பாறையேற எந்தப் பள்ளியும் தேவையில்லை. தமிழ்க் குழந்தைக்குத் தமிழை யாராவது சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒரே தலைமுறையில் போய்விடும். நம் உறவினர் வீடுகளிலேயே இதனைக் காண்கின்றோம். குருதி அதே குருதிதான். பேச்சில் தமிழ் இல்லை.

இதற்கு மறுபக்கச் சான்றும் நம் நாட்டிலேயே உண்டு. தோட்டப்புறங்களில் தமிழ்க் குடும்பங்கள் சீனக் குழந்தைகளை, குறிப்பாகப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த வரலாறு நம் பெரியவர்கள் நன்கறிந்தது. அக்குழந்தைகள் தமிழ்ப் பெயர் பெற்று, தமிழ் பேசி, பொங்கலிட்டு, தமிழ்க் குடும்பங்களின் தாய்மாராகவும் பாட்டிமாராகவும் ஆனார்கள். அவர்களைத் தமிழரல்லர் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வளர்ப்புதான் அவர்களைத் தமிழராக்கியது.

வள்ளுவப் பெருந்தகையும் இதையே காட்டுகின்றார். திருக்குறளின் 46ஆம் அதிகாரம் 'சிற்றினம் சேராமை'. அங்கே இனம் என்பது பிறப்பைக் குறிக்கவில்லை. ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டத்தைக் குறிக்கின்றது. மனிதனின் அறிவு அவன் சேர்ந்த இனத்தால் அமைகின்றது என்பதே அந்த அதிகாரத்தின் கருத்து. இனம் என்பது சேர்க்கையால் ஆவது என்று நம் மொழி அன்றே அறிந்திருந்தது. இடையில் நாம்தான் அதனைப் பிறப்போடு கட்டிப்போட்டுவிட்டோம்.

செய்யத்தக்கவை

வருந்திப் பேசுவதோடு நில்லாமல், நடைமுறைக்கு ஏற்ற சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவது, சொல்லைப் பிரிப்போம். மலாய்மொழியில் விலங்குக்கு 'ஸ்பீசிஸ்', மக்களுக்கு 'காவும்', 'பங்சா' என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. நாம் இரண்டுக்கும் ஒன்றையே வைத்திருக்கின்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உயிரியலுக்குச் சிற்றினம், பேரினம் என்னும் சொற்களைப் பயன்படுத்துகின்றன. இலங்கை வழக்கில் பேரினத்திற்குச் 'சாதி' என்றே பெயர். அங்கே என்ன குழப்பம் விளையக்கூடும் என்று நான் விளக்கத் தேவையில்லை! தொடக்கப்பள்ளியில் விலங்குக்குச் 'சிற்றினம்' அல்லது வெறுமனே 'விலங்கு வகை' என்று சொல்வோம். மக்களைக் குறிக்கும்போது மலாய்ச் சமூகம், சீனச் சமூகம், இந்தியச் சமூகம் என்போம். மனித இனம் என்பதை மட்டும் ஒருமையிலேயே வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, வகைப்படுத்தும் பாடத்தின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி, தோற்றம் ஏமாற்றும் எடுத்துக்காட்டுகளைச் சொல்வோம். வௌவால் பறவையன்று; திமிங்கிலம் மீனன்று. அவற்றோடு வரையாட்டையும் சேர்த்துக்கொள்வோம்.

மூன்றாவது, ஒரு சிறு நடவடிக்கை. மணிலா அட்டையை நீளப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 20 கட்டங்கள் வரையுங்கள். சிவப்புக்குப் பச்சை இணை, நீலத்துக்கு மஞ்சள் இணை என்று விதி வைத்துக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இரண்டு பட்டைகளை எதிரெதிரே வைத்து, இணை பொருந்தும் இடத்தில் மட்டும் காகிதக் கிளிப் மாட்டவேண்டும். 19 கிளிப் மாட்டிய பட்டையை இழுத்துப் பிரிப்பது கடினம். 8 கிளிப் மாட்டியது எளிதில் பிரிந்துவிடும். டி.என்.ஏ. என்ற பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. எது நெருங்கிய உறவு என்பதைப் பிள்ளைகள் கையாலேயே உணர்ந்துகொள்வார்கள். பிறகு சொல்லுங்கள்: "மனிதர்களுக்கு ஆயிரம் கட்டங்கள் வரைந்தால் 999 இடங்களில் கிளிப் மாட்டலாம். நீ யாரை எடுத்தாலும் அப்படித்தான்."

நான்காவது, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 2001இல் நடந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்லவில்லை. இழப்பு உண்மை, வலி உண்மை. அதனைச் சொல்லும்போது செய்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். வறுமை, நெருக்கடி, வதந்தி, அச்சம் ஆகியவை மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று சொல்லுங்கள். 'இனமே அப்படி' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லில் உண்மை இல்லை. ஆனால், அதை நம்பி வளரும் பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையை வேறொரு விலங்காகவே பார்க்கத் தொடங்கும்.

பாடத்திட்டத்தில் இல்லாததைத் தொடக்கப்பள்ளியில் எதற்குச் சொல்லவேண்டும் என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். இடைநிலைப்பள்ளியில் டி.என்.ஏ.வைப் படிக்கும்போது நம் பிள்ளைகளுக்கு வயது பதினைந்தைக் கடந்திருக்கும். யார் நம்மவர், யார் பிறர் என்ற முடிவை அவர்கள் அதற்கு வெகு முன்னரே எடுத்துவிடுகின்றார்கள். அந்த முடிவு உருவாகும் வயதில் அவர்கள் நம் கையில்தான் இருக்கின்றார்கள்.

தமிழ் பிறப்பால் தானாக வந்துவிடாது என்று அறிந்தவன் அதனை விரும்பிக் கற்பான். தான் கற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளை கேட்டால் அவனுக்கும் கற்றுக்கொடுப்பான். அத்தகைய மாணவனை உருவாக்குவதே நம் தொழில். சிந்திப்போம், செயல்படுவோம்.